டாண்டம் சைக்கிளின் முன் போர்க்: ஸ்பிரிங்கை வெட்டியது சரியா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
நானும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் டாண்டம் மலைச் சைக்கிளில் உன்னிச்சைக் குளம் வரை போய் வந்தோம். கிரவல் வீதியில் முன் போர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் கால், பாதி அமுங்கியபடியே ஓடியது. நாங்கள் இருவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 150 கிலோ. போர்க்கோ ஒருவர் ஓட்டும் சைக்கிளில் இருந்து கழற்றியது. ஸ்பிரிங்கின் 24 சுற்றில் 4 சுற்றை வெட்டி, அந்த இடைவெளிக்குப் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். இப்போது நிமிர்ந்து நிற்கிறது. மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம்.

லேத் நானா (அக்கரைப்பற்று):
எனக்கு உண்டு, தம்பி. 24 சுற்றை 20 ஆக்கினால் ஸ்பிரிங்கின் விறைப்பு 20 சதவீதம் கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அமுங்கக்கூடிய தூரம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். போர்க் முழுதாக இறங்குமுன் சுற்றோடு சுற்று முட்டிக்கொள்ளும். குழியில் விழும்போது ‘நங்’ என்று கேட்கவில்லையா?

வாவிக்கரை:
கேட்டது நானா. இரண்டே தடவைதான்.

பின்மிதி:
ஏழு தடவை. பின் இருக்கையில் இருந்து எண்ணியவள் நான்.

மண்முனை ஓட்டி:
ஸ்பிரிங்கைத் தொடாமல் தடித்த எண்ணெய் ஊற்றியிருக்கலாமே. இல்லாவிட்டால் பழைய மோட்டார் சைக்கிளின் போர்க்கைப் பொருத்துங்கள். அது இதைவிடப் பெரிய பாரத்தைச் சுமந்த பொருள்.

லேத் நானா:
எண்ணெய் பாரத்தைத் தாங்காது. ஏறி இறங்கும் வேகத்தை மட்டும் குறைக்கும். தொடர்ந்து வரும் குழிகளில், அமுங்கிய போர்க் நிமிரவே நேரமிருக்காது. மோட்டார் சைக்கிள் போர்க்கின் ஹாண்டில் தண்டும் பேரிங்கும் 28.6 மில்லிமீற்றர் சைக்கிள் தண்டுக்குரிய அளவில் இருக்காது. சக்கரம், பிரேக் எல்லாம் மாற்றவேண்டும். நீளமும் கூடினால் முன்பக்கம் உயர்ந்து ஹாண்டில் மந்தமாகிவிடும்.

என் கவலை வேறு. இரண்டு கால்களையும் சேர்க்கும் தோளில்தான் ஹாண்டில் தண்டு அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது. தனிச் சைக்கிளில் முன் பிரேக்கை ஓங்கிப் பிடித்தால் பின் சக்கரம் தூக்கிவிடும். நாமாகவே கையைத் தளர்த்திவிடுவோம். டாண்டம் நீளமானது, தூக்காது. பிடிக்கும் விசை முழுவதும் அந்தப் பொருத்துக்குத்தான் போகிறது, அதுவும் இருவர் பாரத்தோடு. டாண்டத்துக்கு மேலும் கீழும் இரண்டு தோள் உள்ள போர்க்கைத் தேடுவது அதனால்தான். தோளில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டுத் துடையுங்கள். பிறகு சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் ஈரக்கோடு எழும்.

பின்மிதி:
நானா, அசையாத இரும்பு போர்க்கும் அகலமான ரயரும் போதும் என்று முதல் நாளே சொன்னேன். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கிரவலுக்கு அதுவே மெத்தை.

வாவிக்கரை:
குடும்பிமலைப் பக்கம் போகும்போது அந்த மெத்தையைப் பார்ப்போம். சோக்குத் தூள் தடவினேன், கோடு இல்லை. ஆனால் முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘கிறீச்’ என்கிறது. பேரிங்காக இருக்கலாம்.

லேத் நானா:
பேரிங்கை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் சத்தம் வந்தால் தோளில் தண்டு தளர்ந்துவிட்டது. அதை வெல்டிங் செய்து தரும்படி என்னிடம் கேட்க வேண்டாம்.

பின்மிதி:
இறுக்கியாயிற்று. இன்னும் கத்துகிறது.