மறு: ‘அனலாக் ஸ்டிக்’ – தமிழில் என்ன?

வணக்கம்.

> ‘ஒப்புமைக் குச்சி’ போதாதா?

போதாது. வீடியோ விளையாட்டுக் கைப்பிடியில் (கன்ட்ரோலர்) கட்டைவிரல் தொடுவது குச்சியை அல்ல, தொப்பி வைத்த ஒரு குமிழை. ‘ஒப்புமை’யோ உள்ளே ஓடும் மின்குறிகையைப் பற்றியது, அதுவும் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. 1996இல் வந்த நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியின் கைப்பிடிக்குள் துளையிட்ட சிறு சக்கரங்கள் இருந்தன. அவற்றின் ஊடே ஒளி விட்டுவிட்டு விழுவதை எண்ணித்தான் அது சாய்வை அறிந்தது. எண்ணுகிற கருவிக்கு ‘ஒப்புமை’ என்று பெயரா? பிறகு பரவலான வகையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு மாறுமின்தடைகள் (பொட்டென்ஷியோமீட்டர்). ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியில் (1998) காந்தமும், காந்தப்புலத்தை உணரும் ஹால் உணரியும். விரலுக்கு இதெல்லாம் தெரியாது. அது சாய்க்கிறது, விட்டதும் சுருள்வில் குமிழை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது.

ஆகவே, ‘சாய்குமிழ்’. வினைத்தொகை, நடுவே ஒரு க் போட்டுவிடாதீர்கள்.

‘டெட் ஸோன்’ என்பதற்கு வந்த ‘செத்த மண்டலம்’ கண்டு சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். குமிழ் மிகச் சரியாக நடுவுக்குத் திரும்புவதில்லை. அதனால் நடுவைச் சுற்றிய சிறு அசைவுகளை விளையாட்டு கண்டுகொள்வதில்லை, அவ்வளவே. ‘உணராப் பரப்பு’ என்போம். ‘வட்டம்’ வேண்டாம்: கிடை, நெடு என இரு அச்சுகளிலும் சிறு அசைவைத் தனித்தனியே கழித்தால் அது சிலுவை வடிவம் கொள்ளும். இந்தப் பரப்பு பெரிதானால் நுட்பமாகக் குறிபார்க்க முடியாது.

மிகச் சிறிதானால் ‘டிரிஃப்ட்’ வெளியே தெரிந்துவிடும். மின்தடையின் கரித்தடம் தேய்ந்த என் பழைய கைப்பிடியில், நான் தொடாமலேயே ஆள் மெல்ல நடந்துபோய்ச் சுவரில் முட்டி, அங்கேயே நடந்துகொண்டிருப்பார். இதற்கு ‘தானோட்டம்’ சரியா?

---

வணக்கம்.

சாய்குமிழுக்கு என் வாக்கு. ஓர் இடறல் மட்டும்: 2011இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் கருவியில் உள்ள வட்டு சாய்வதே இல்லை, கிடைமட்டமாக நழுவுகிறது. அதை ‘நழுவுவட்டு’ என்று பிரித்துவிடலாம். இரண்டையும் ஒரே பெயரில் திணிக்க வேண்டியதில்லை.

‘தானோட்டம்’ எனக்கு உவப்பில்லை. ஓடுவது திரையில் இருக்கும் ஆள், பழுது குமிழில். குமிழ் நிமிர்ந்து நிற்கும்போதே சாய்ந்துவிட்டதாக உணரி பொய் சொல்கிறது. கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு போல, ‘கள்ளச்சாய்வு’ என்றால் என்ன?