'பவுண்ட் டு' என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை

திருப்பூர்க்காரன்:
பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சேர்ந்த புதிதில், சரக்கு எப்போது வந்து சேரும் என்று பையர் மெயிலில் கேட்டிருந்தார். 20ஆம் தேதிவாக்கில் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. 'இஸ் லைக்லி டு ரீச்' என்று எழுதியிருந்தால் போதும். கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று 'இஸ் பவுண்ட் டு ரீச்' என்று போட்டேன். முன்னது 'பெரும்பாலும் வரும்'. பின்னது 'வந்தே தீரும்'. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது; பையருக்குத் தெரியும். கப்பல் 6 நாள் தாமதம். அவர் அனுப்பிய பதிலில் என் வாக்கியம் அப்படியே இருந்தது, 'பவுண்ட்' மட்டும் மஞ்சள் நிறத்தில். வேறு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நைட் ஷிஃப்ட்:
நான் வாங்கிய பல்பு இதைவிடப் பெரியது. தீபாவளிக்கு முந்தின நாள் லீவு கிடைக்குமா என்று அமெரிக்க மேனேஜரிடம் சாட்டில் கேட்டேன். 'ஃபேட் சான்ஸ்' என்றார். 'ஸ்லிம் சான்ஸ்' என்றால் குறைவான வாய்ப்பு, அப்படியானால் இது கொழுத்த வாய்ப்புதானே? உடனே மதுரைக்கு பஸ் டிக்கெட் போட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது நக்கல். 'கிடைச்ச மாதிரிதான்' என்று நாம் இழுப்போமே, அதே.

இங்கிலீஷ் டீச்சர்:
என் மாணவர்களிடம் அடிக்கடி கேட்பது 'ஐ டோல்ட் எ ப்ரெடிக்‌ஷன்'. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கணிப்பு, ஜோசியம், குறி எல்லாமே நாம் சொல்கிற சமாச்சாரம். ஆங்கிலத்தில் ப்ரெடிக்‌ஷனுக்கு 'மேக்'தான் துணை. 'டெல்' போய் ஒட்டிக்கொள்வது ஃபார்ச்சூனோடு, அதாவது ஜோசியத்தோடு.

மழைப்பைத்தியம்:
'லைக்லி'யே ஆளுக்கு ஆள் மாறும். இந்திய வானிலைத் துறையின் ஆங்கில அறிக்கையில் 'லைக்லி' என்றால் 25 முதல் 50 சதவீதம், 'வெரி லைக்லி' 50 முதல் 75. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளிலோ 'லைக்லி'யே 66 சதவீதத்தில்தான் தொடங்கும், 'வெரி லைக்லி' 90இல். இது தெரியாமல் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது இரண்டுக்கும் 'வாய்ப்புள்ளது' என்றே போட்டுவிட்டேன். திருத்தியவர், 'இதில் எது 66, எது 90?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். 'பெரும்பாலும்', 'அநேகமாக நிச்சயம்' என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது எனக்கே திருப்தியில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

திருப்பூர்க்காரன்:
'ஏறக்குறைய உறுதி' சரியாக வருமா? நான் இப்போதெல்லாம் 'வி எக்ஸ்பெக்ட்' தாண்டிப் போவதே இல்லை. அது சரி, நைட் ஷிஃப்ட், அந்த டிக்கெட் என்ன ஆயிற்று?

நைட் ஷிஃப்ட்:
கேன்சல். பாதிப் பணம் போச்சு.