ஆர்வி கழிவு ஹோஸை எதில் வைக்கிறீர்கள்? வீட்டிலேயே செய்த அமைப்புகள்: எது நின்றது, எது உடைந்தது

டிரெய்லர், 5 இன்ச் வேலிக் கம்பம்

ஆர்வி என்கிற வீட்டுவண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் ஹோஸை வைக்கக் குழாய் வாங்கப் போவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள். ஹோஸ் 3 இன்ச் என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி 4 இன்ச் குழாய் வாங்கினால் வேலை அங்கேயே கெட்டது. குழாய்க்குள் நுழைய வேண்டியவற்றில் ஹோஸைவிட அகலமானது அதன் முனையில் இருக்கும் பயனெட் வளையம், அதாவது திருப்பிப் பூட்டும் வளையம். அதன் காதுகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஒரு காதின் நுனியிலிருந்து எதிர்க் காதின் நுனி வரை அளந்தால் பெரும்பாலும் 4 இன்ச்சைத் தாண்டும். 4 இன்ச் ஷெட்யூல் 40 (சுவர்க் கனத்தைக் குறிக்கும் தரம்) பிவிசியின் உள்விட்டம் 4.03 இன்ச்தான். மூடியையும் மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் பலரும் வேலி போடப் பயன்படும் வினைல் கம்பத்துக்குப் போகிறார்கள். 5-க்கு 5 கம்பத்தின் வெளி அளவு 5 இன்ச். சுவர்க் கனம் போக உள்ளே 4.7 இன்ச்சுக்குப் பக்கத்தில் கிடைக்கும். சதுரமாக இருப்பது இன்னொரு வசதி: காதுகளை மூலைப்பக்கம் திருப்பினால் தாராளமாகப் போய்விடும். 4-க்கு 4 கம்பம் வேண்டாம். அதில் வெறும் ஹோஸ் போகும், முனை போகாது.

நீளத்தை ஹோஸைச் சுருக்கிவைத்து அளக்க வேண்டும். இரண்டு முனைக்கும் மூடி போட்டு, கையால் அழுத்திச் சுருக்கி, கையை விட்டபிறகு அளவெடுங்கள். விட்டவுடன் கொஞ்சம் நீளும். அந்த நீண்ட அளவுதான் கணக்கு. அதோடு 6 இன்ச் கூட்டுங்கள். 10 அடி ஹோஸ் சுருங்கி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நிற்கும் என்பதால், 8 அடிக் கம்பத்தில் இரண்டு ஹோஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிடும்.

அதே கம்பம், செய்முறையோடு

மேலே சொன்ன அளவுகள் சரி. கடையில் கம்பம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வேலிக் குறுக்குச் சட்டம் நுழைய ஏற்கெனவே ஓட்டை வெட்டிய கம்பங்களும் அதே அடுக்கில் இருக்கும். ஓட்டை இல்லாத வெறுங்கம்பம்தான் வேண்டும்.

8 அடிக்குத் தேவையானவை: கம்பம் 1, தட்டை மூடி 2, 1 இன்ச் அகலம் 1/8 இன்ச் கனத்தில் அலுமினியப் பட்டை (மூன்று தாங்கிகளுக்கு), 1/4 இன்ச் துருப்பிடிக்காத எஃகு போல்ட் 6, நைலான் பூட்டு நட் 6, அகல வாஷர் 12, பழைய சைக்கிள் ட்யூப் கொஞ்சம், பிவிசி பசை, துருப்பிடிக்காத கம்பிவலை ஒரு துண்டு.

நெருக்கமான பல் உள்ள ரம்பத்தால் அறுத்து, உள் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அறுத்த இடத்தில் நிற்கும் பிசிறு ஒவ்வொரு முறை ஹோஸை இழுக்கும்போதும் அதைக் கீறும். ஹோஸுக்குள் சுருளாக ஓடும் வளையக் கம்பியின் மேல் இருக்கும் மெல்லிய தோலில்தான் முதலில் ஊசித்துளை விழும்.

தாங்கியைக் கம்பத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்காதீர்கள். நடுக் கம்பத்துக்குள் கை எட்டாது. எட்டினாலும் போல்ட் தலை உள்ளே நீட்டிக்கொண்டு ஹோஸை மாட்டும். பட்டையை ‘ப’ வடிவில் மடித்து, கம்பத்தை அதில் உட்காரவைத்து, இரு காலையும் மேலே சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) முடுக்குங்கள். பட்டைக்கும் கம்பத்துக்கும் இடையில் சைக்கிள் ட்யூப். முனையிலிருந்து ஒரு அடி தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று, மறுமுனையிலும் அதேபோல. இரண்டே தாங்கியில் விட்டால் கோடை வெயிலில் நடு தொங்கும், தொங்கிய பள்ளத்தில் நீர் தேங்கும்.

சேசிஸ் வேலை பார்ப்பவர்

துளை போடுமுன் ஒரு வார்த்தை. ‘ஐ’ வடிவ உத்தரத்தின் மேல், கீழ்ப் பலகைகளில் துளையிடாதீர்கள். பளு முழுக்க அங்கேதான் ஓடுகிறது. விரிசல் அந்தத் துளையில்தான் பிறக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்துச் சுவரின் நடுவில் போடுங்கள். துளையே இல்லாமல் உத்தர க்ளாம்ப் மாட்டுவது அதைவிட நல்லது.

தானே துளைக்கும் ஸ்குரூவை அடிப்பவர்கள் பின்பக்கம் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. பிரேக் ஒயர், விளக்கு ஒயர், கேஸ் குழாய் எல்லாம் அந்த உத்தரத்தை ஒட்டியே போகும். தொட்டியை மூடியிருக்கும் அடித்தகட்டில் எதையும் மாட்டாதீர்கள், அது வெறும் நெளிபிளாஸ்டிக். மோட்டார் ஹோம் (எஞ்சினோடு வரும் ஆர்வி) என்றால் சைலென்சர், ஜெனரேட்டர் புகைக்குழாய் பக்கமே போகக் கூடாது. பிவிசி 60 டிகிரி செல்சியஸிலேயே தளரத் தொடங்கிவிடும்.

ஸ்லைடு அவுட் (வண்டியிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதி) முழுக்க உள்ளே போனபோதும் வெளியே வந்தபோதும், ஜாக் இறங்கும்போதும் கம்பம் இடிக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் தரை இடைவெளி முக்கியம். மேட்டுச் சரிவில் ஏறி இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது வண்டியின் வால்தான்.

பிவிசி வெயிலில் நீளும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 8 அடிக் கம்பம் 35 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். அதனால் நடுத் தாங்கியை மட்டும் இறுக்கமாக முடுக்கி, ஓரத் தாங்கிகளில் கம்பம் நழுவ இடம் விடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கினால் ஒரு குளிர்காலம் கழித்து மூலையில் கீறல் விழுந்திருக்கும்.

மூடியைப் பற்றி

மேலே எல்லாரும் கம்பத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கம்பம் உடைவது அபூர்வம். சாலையில் காணாமல் போவது மூடிதான், அதன்பின் ஹோஸ்.

ஒரு முனையை நிரந்தரமாகப் பசைபோட்டு அடைத்துவிடலாம். திறக்கும் முனையில் வேலி மூடி வெறுமனே அழுத்திப் பொருந்தி நிற்கும். நெடுஞ்சாலை அதிர்வில் ஹோஸ் உள்ளிருந்து ஸ்பிரிங் மாதிரி தள்ள, வெளியே காற்று இழுக்க, சில மணி நேரத்தில் கழன்றுவிடும். மூடியின் ஓரத்தையும் கம்பத்தையும் சேர்த்து இருபக்கச் சுவரும் ஊடுருவ 1/4 இன்ச் துளை போட்டு, கழலாமல் பூட்டும் கம்பி வளையம் உள்ள கிளெவிஸ் பின்னை (உருண்டை எஃகு ஆணி) செருகுங்கள். அந்தப் பின் தொலையாமல் இருக்க அதை ஒரு மெல்லிய எஃகுக் கயிற்றால் மூடியோடு கட்டுங்கள். மூடியைக் கம்பத்தோடு கட்டுங்கள்.

அதற்கு மேல் இன்னொரு பின். மூடிக்கு 3 இன்ச் உள்ளே கம்பத்தின் குறுக்காக ஒரு நீளப் பின் நின்றால், மூடி போனாலும் ஹோஸ் போகாது. இதை யாரும் செய்வதில்லை. செய்யாதவர்களின் ஹோஸ்தான் பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடியில் போய் விழுகிறது.

கீல் வைத்த கதவும் நல்லதுதான், ஆனால் கீல் மேலே வரும்படி மாட்டுங்கள். பக்கவாட்டில் மாட்டினால் தாழ்ப்பாள் கழன்ற கணமே கதவு காற்றில் அகலத் திறந்துகொள்ளும்.

உருண்டைக் குழாய்க்காரர்

4 இன்ச்தான் போதாது. 6 இன்ச் உருண்டைக் குழாயில் காது, மூடி, ஹோஸ் எல்லாம் கேள்வியே இல்லாமல் போகும். ஹோஸின் வளைமூட்டும் (எல்போ) அளவைப் பொறுத்துச் சேர்ந்து அடங்கும். ஒருபக்கம் பசைமூடி, மறுபக்கம் சாக்கடைச் சுத்தம் செய்யும் வாய்க்குப் போடுகிற திருகுமூடி. திருகுமூடி அதிர்வில் எளிதில் கழலாது, பூச்சியும் நுழையாது.

குறை எடையில்தான். 6 இன்ச் ஷெட்யூல் 40 அடிக்கு மூன்றரைப் பவுண்டு வரும். 8 அடிக்கு 28 பவுண்டு; ஹோஸ், தாங்கி தனி. பம்பரில் தொங்கவிடும் எடை இல்லை இது. சுவர் மெலிந்த சாக்கடைக் குழாய் கிடைத்தால் அதையே எடுங்கள், இதற்குள் அழுத்தம் ஏதும் வரப்போவதில்லை.

திருகுமூடியின் மரையில் சிலிக்கான் கிரீஸ் தடவி, கையால் மட்டும் முடுக்குங்கள். மண் ஏறிய மரையை ஸ்பானர் போட்டு முடுக்கிவிட்டால் அடுத்த முறை திறக்கையில் சதுரத் தலைதான் உடைந்து கையில் வரும்.

பம்பருக்குள் வைப்பவர்களுக்கு

4 இன்ச் சதுர எஃகுப் பம்பருக்குள் வைக்கலாம் என்பது பழைய வழக்கம். உள்ளளவு 4 இன்ச்சுக்கும் குறைவு என்பதால் பயனெட் முனையைக் கழற்றினால்தான் ஹோஸ் போகும். சுருளில் திருகிக் கழற்றும் முனை உள்ள ஹோஸ்களுக்கு மட்டும்தான் இது ஒத்துவரும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் முனை தளர்ந்து, ஒருநாள் திறப்பானை (தொட்டியின் வால்வு) இழுத்தவுடன் அங்கேயே ஒழுகும்.

பம்பரின் உள்ளே வெல்டிங் பிசிறு இருக்கும், அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். வண்ணம் பூசாத உட்புறத்தில் ஈரமான ஹோஸைத் தள்ளினால் துரு அங்கிருந்தே தின்னும். வெளியே பளபளவென்று இருக்கும் பம்பர் அடிப்பக்கத்தில் ஓட்டையாகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பம்பரில் உதிரிச் சக்கரமும் தொங்கினால் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஈரம், நாற்றம், குளவி

காற்றுப் புகாமல் அடைத்தால் நாற்றம் வெளியே வராது என்று நினைத்து நாலாபக்கமும் சிலிக்கான் போடுகிறார்கள். உள்ளே ஈரம் வற்றாமல் பூஞ்சை பிடித்து, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். நாற்றத்தைத் தடுப்பது ஹோஸின் இரு முனை மூடிகள். கம்பம் மூச்சுவிட வேண்டும்.

அடிப்பக்கத்தில் முனைக்கு இரண்டு இன்ச் உள்ளே 1/4 இன்ச் துளை மூன்று, மறுமுனையில் இரண்டு. துளைகளின்மேல் கம்பிவலை ஒட்டுங்கள். வலை இல்லாத துளையில் மண்குளவி கூடு கட்டிவிடும். மண் அடைத்த துளையால் நீர் வடியாது. கம்பத்தைத் திறக்கும் முனைப்பக்கம் அரை இன்ச் தாழ்த்தி மாட்டினால் நீர் தானாக ஓடிவிடும்.

வைக்குமுன் ஹோஸ் காலியாக இருப்பதுதான் முக்கியம். முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்து காலி செய்து மூடுங்கள். பிறகு குளியல், பாத்திர நீர்த் தொட்டி. அந்தச் சோப்பு நீரே ஹோஸைக் கழுவிவிடும். திறப்பான்கள் இரண்டையும் மூடியபின் வண்டிப்பக்கத்து முனையைக் கழற்றி, இடுப்புயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி சாக்கடை வாய் வரை நடந்துபோங்கள். நெளிவுகளில் தேங்கியது எல்லாம் இறங்கிவிடும். அதன்பிறகே சாக்கடைப்பக்க முனையை எடுக்க வேண்டும்.

பிளீச் போடுகிறவர்கள் நல்ல நீரால் முதலில் அலசிவிட்டுப் போடுங்கள். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நச்சுவாயு வரும். லிட்டருக்கு 20 மில்லி போதும்.

துளை போட மனசில்லாதவர்களுக்கு

தாழ்ப்பாள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அடியில் சல்லடைத் தட்டு ஒன்று. ஹோஸைப் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள். வாளிக்குள் திணித்தால் வளைவு நெருக்கமாகி வளையக் கம்பி மடங்கும். மடங்கிய இடம் மறுபடி நிமிராது. வளைமூட்டு, கையுறை, அலசும் ஹோஸ் எல்லாம் இந்தப் பெட்டியிலேயே. குடிநீர் ஹோஸ் மட்டும் இதே அறையில் இருக்கக் கூடாது. வண்டியின் மறுபக்கத்துக்குப் போகட்டும். அலசும் ஹோஸ் வேறு நிறத்தில் இருந்தால் அவசரத்தில் கை மாறாது.

உள்ளே இருக்கும் ஹோஸை எப்படி இழுப்பது?

இரண்டு ஹோஸ் வைத்தால் உள்ளே இருப்பது கைக்கு எட்டாது. உள்ளே தள்ளுமுன் அதன் முனையில் நைலான் கயிறு கட்டி, மறுநுனியைக் கம்பத்தின் மூடிப்பக்கம் விடுங்கள். கயிற்றை ஹோஸ் மூடியின் கொக்கியில் மாட்டாதீர்கள், பயனெட் வளையத்தின் காதில் மட்டும் கட்டுங்கள். இழுவை மூடியில் விழுந்தால் அது திறந்து மிச்சநீர் உள்ளேயே கொட்டும்.

உறைபனிக் குளிரில் ஹோஸை இழுத்து நீட்டாதீர்கள். கொஞ்சம் வெதுவெதுப்பான நீரைக் கம்பத்தின்மேல் ஊற்றி, ஹோஸ் இளகியபின் எடுங்கள். விறைத்த தோல் நெளிவின் மடிப்பில்தான் வெடிக்கும், அதுவும் தொட்டியைத் திறந்தபிறகுதான் தெரியும்.