கோல்டன் பேரல் கள்ளி: மழைக்கு முன் மண் மாற்றலாமா?

கடலூர், புதுச்சேரி பக்கம் கள்ளி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். லாஸ்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு கோல்டன் பேரல் இருக்கிறது, கால்பந்து அளவு வந்துவிட்டது. இப்போது மண்ணை ஒட்டிய அடிப்பாகம் பழுப்பாகி, தொட்டால் மரப்பட்டை போலச் சொரசொரப்பாக இருக்கிறது. பென்சில் முனையால் அழுத்தினால் உள்ளே போகவில்லை, நாற்றமும் இல்லை.

வயதான செடிக்கு அடியில் இப்படி ஆவது இயல்புதான், அழுகல் என்றால் கொழகொழவென்று இருக்கும், அது தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு மேலே ஏறுகிறதே, அதுதான் இடிக்கிறது.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ, அங்கே குளிர்காலம் காய்ந்து கிடக்கும். நமக்கோ அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒன்று வந்தால் தொட்டி குளம்தான்.

இப்போதே பிடுங்கி வேரைப் பார்த்து மண் மாற்றலாமா, இல்லை பொங்கல் கழியட்டுமா? வேரில் காயம் பட்டால் சில நாள் காயவிட்டு நட வேண்டும் என்கிறார்கள், இந்த ஈரக் காற்றில் அது காயுமா? பாதிக்கு மேல் ஜல்லியும் பெர்லைட்டும் (தண்ணீர் வடியப் போடும் லேசான வெள்ளைக் கல் துணுக்கு), மீதி செம்மண் என்று கலக்க நினைக்கிறேன், தேங்காய் நார்த்தூள் வேண்டாம், ஈரத்தை விடவே விடாது.

மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டவர்கள் காற்றோட்டத்துக்கு என்ன செய்தீர்கள்? வீட்டுக்குள் வைக்கச் சொல்லாதீர்கள், வெயில் பத்தாது, அப்புறம் அந்த முள்ளோடு மாடிப்படியில் யார் இறக்குவது?