கெர்னல் 5.15-க்கு மாறியபின் தராசின் யுஎஸ்பி போர்ட் தோன்றியவுடன் மறைகிறது – உதவி தேவை

கேள்வி (குமுளி)

வணக்கம். குமுளியில் விவசாயிகளிடம் ஏலக்காய் வாங்கி, புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு அனுப்பும் ஒரு கடையின் கணினியை நான் பார்த்துக்கொள்கிறேன். மூட்டையைத் தராசில் வைத்ததும் எடை நேராகப் பில்லில் ஏறும்படி பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், அதன் மையப் பகுதியான கெர்னல் 5.4-உடன் அது தடங்கலின்றி ஓடியது. 2025 மே மாதத்தோடு அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை 22.04-க்கு மேம்படுத்தினேன். கெர்னல் 5.15 ஆயிற்று, திங்கட்கிழமை காலையிலிருந்து எடை வரவில்லை.

கேபிளைச் செருகினால், இணைந்த சாதனங்கள் கோப்புகளாகத் தெரியும் டெவ் அடைவில் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற கோப்பு தோன்றி, கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுகிறது. கேபிளுக்குள் இருப்பது, தராசின் தகவலை யுஎஸ்பிக்கு மாற்றித்தரும் சிஎச்340 சிப். அதன் ஐடி 1ஏ86:7523. அதே கேபிளை விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால் எடை ஒழுங்காக வருகிறது. ஆகவே புதிய கெர்னலில் இந்தச் சிப்பை இயக்கும் சிஎச்341 டிரைவரில்தான் கோளாறு என்று நினைக்கிறேன்.

இப்போது எடையைப் பார்த்துக் கையால் எழுதுகிறோம். நேற்று 48.350 கிலோவை 43.850 என்று எழுதிவிட்டார்கள். காய் கொண்டுவந்த பெரியவரே கவனித்துச் சொல்லியிராவிட்டால் நாலரைக் கிலோ ஏலக்காயின் பணத்தை அவர் இழந்திருப்பார். பழைய கெர்னலிலேயே நிலையாக இருந்துவிடலாமா?

பதில் (கம்பம்)

உங்கள் பயனர், இத்தகைய போர்ட்டுகளைத் திறக்க அனுமதி பெற்ற டயல்அவுட் குழுவில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மேம்படுத்தலுக்குப் பிறகு எனக்கு அதுதான் சிக்கலாக இருந்தது.

பதில் (செங்கோட்டை)

குழு அனுமதி இல்லாவிட்டால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற பிழை வரும். கோப்பு அங்கேயேதான் இருக்கும். இங்கே கோப்பே மறைகிறது என்பதால் காரணம் வேறு.

கெர்னல் மீது பழி போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மாற்றியது கெர்னலை மட்டும் அன்று. அதனுடன் நூற்றுக்கணக்கான தொகுப்புகளும் மாறின. கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னலில் தொடங்கலாம் என்று காட்டும் க்ரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்றால் பழைய 5.4 இன்னும் இருக்கக்கூடும். அதில் தொடங்கிக் கேபிளைச் செருகுங்கள். அங்கே வேலை செய்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம், 5.4-க்கும் 5.15-க்கும் இடைப்பட்ட கெர்னல்களைப் பாதி பாதியாகச் சோதித்து, எந்த மாற்றத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். அங்கேயும் மறைந்தால் கெர்னல் குற்றவாளி அன்று. இரண்டிலும் கேபிளைச் செருகியவுடன் கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசிப் பத்து வரிகளைப் பாருங்கள்.

கேட்டவர் (குமுளி)

அண்ணாச்சி, நேற்று இரவு கடை அடைத்தபின் செய்து பார்த்தேன். 5.4-இலும் அதே கோளாறு! டிரைவர் கேபிளை அடையாளம் கண்டு டிடிஒய்யுஎஸ்பி0-உடன் இணைத்ததாக முதலில் ஒரு வரி வருகிறது. பிறகு, இடைமுகம் 0-ஐ சிஎச்341 வைத்திருக்கும்போதே 'பிஆர்எல்டிடிஒய்' என்ற ஒன்று சாதனத்தின் அமைப்பை மாற்றுவதாகச் சொல்லும் வரி. உடனே இணைப்புத் துண்டிக்கப்பட்டதாக மூன்றாவது வரி. இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பதில் (செங்கோட்டை)

அந்த நடு வரியில்தான் விடை இருக்கிறது. பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் காட்சிக் கருவிகளை இயக்கும் நிரல். அப்படிப்பட்ட ஒரு கருவிக்குள்ளும் இதே சிஎச்340 சிப் இருக்கிறது. 1ஏ86:7523 என்பது சிப்பின் அடையாளமே தவிர, அது எந்தக் கருவிக்குள் இருக்கிறது என்பதன் அடையாளம் அன்று. அதனால், செருகிய சாதனத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் யூடெவ் அமைப்பில் 22.04 வைத்திருக்கும் ஒரு விதி உங்கள் தராசையும் பிரெயில் கருவி என்று எண்ணி, டிரைவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

இந்தத் தொகுப்பை நீக்கிவிடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். அதைச் செய்தால் தராசு உடனே வேலை செய்யவும் செய்யும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாளை பார்வையற்ற ஒருவர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தால், அவருக்கான வழியை நாம் அடைத்துவிட்டிருப்போம். யூஎஸ்ஆர், லிப், யூடெவ், ரூல்ஸ்.டி என்ற வரிசையில் உள்ள அடைவில் 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதை அதே பெயரில் ஈடிசி அடைவின் யூடெவ், ரூல்ஸ்.டி-க்குப் படியெடுத்து, படியில் 1ஏ86/7523 வரும் வரியின் முன்னால் மட்டும் ஒரு # குறி இடுங்கள், அந்த வரி செயல்படாது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஈடிசியில் உள்ளதே செல்லும். தொகுப்பு பின்னர் புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் மாற்றம் அழியாது. பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

5.4-இலேயே தங்குவது வேண்டாம். 22.04-க்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய கெர்னலுக்கு வாரா.

கேட்டவர் (குமுளி)

செய்துவிட்டேன். 5.15-இலேயே தொடங்கினேன், டிடிஒய்யுஎஸ்பி0 மறையாமல் நிற்கிறது. காலையில் வந்த முதல் மூன்று மூட்டைகளின் எடையையும் தராசின் திரையோடு ஒப்பிட்டேன், கிராம் வரை சரியாக இருக்கிறது. மிக்க நன்றி, அண்ணாச்சி. கம்பம் நண்பருக்கும் நன்றி. பெரியவருக்குப் பழைய பில்லைத் திருத்தி, புதிய பில் கொடுத்துவிட்டோம்.