பாதில நிக்கிற கேம முடிச்சே ஆகணுமா? 61 கேம் கிடக்கு, இந்த வருசம் புதுசா எதுவும் வாங்கப்போறதில்ல

சிம்மக்கல்_சேவ்ஸ்லாட்
எல்லாருக்கும் வணக்கம். நேத்து நைட்டு உக்காந்து எண்ணிப் பாத்தேன், ஸ்டீம், எபிக்னு ஆன்லைன்ல கேம் விக்கிற ரெண்டு கடையிலயும் சேத்து ஆரம்பிச்சு பாதில விட்டது மட்டும் 61 கேம், தொடாம கெடக்குறத எண்ணவே இல்ல. விட்சர் 3 நோவிகிராட்ங்குற ஊருல நிக்குது, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 நாலாவது சாப்டர்ல நிக்குது, ஹாலோ நைட்ல சோல் மாஸ்டர்ங்குற பெரிய எதிரிட்ட அடி வாங்கிட்டு போனவன் ரெண்டு வருசமா திரும்பிப் பாக்கல. இந்த வருசம் ஒரு கேம் கூட வாங்கப்போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன், இதுல பத்து கேமுக்காவது எண்டிங் பாத்துட்டுதான் அடுத்தது.

ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா நான் கேம் பழகுனதே சிம்மக்கல் பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டர்ல, மணிக்கு 20 ரூவா. ஐஜிஐங்குற துப்பாக்கி கேம்ல மிஷன் நடுவுல சேவ் பண்ணவே முடியாது, செத்தா மொதல்ல இருந்துதான், கடைசி கேட்டுக்கு வர்றப்ப டைம் முடிஞ்சிரும். வைஸ் சிட்டி கேம்ல சேவ் பண்ணலாம், ஆனா மறுநாள் போனா யாராவது அது மேலயே அவுக சேவ போட்டு வச்சிருப்பாக. ஸ்கூல் காலம் பூரா ஒரு கேமோட கடைசி சீன் கூட நான் பாத்ததில்ல. இன்னைக்கு சொந்த கம்ப்யூட்டர் இருக்கு, எம் பேர்ல சேவ் இருக்கு, இப்பவும் முடிக்கலன்னா எனக்கு உறுத்துது. தேர இழுக்க ஆரம்பிச்சா நிலைக்கு கொண்டுவந்து சேக்கணும்ல, மாசி வீதி நடுவுல விட்டுட்டு வீட்டுக்குப் போக முடியுமா.

வைகை_வடகரை
அண்ணே தப்பா நெனைக்காதீக, நான் இத ஒத்துக்க மாட்டேன். தேரு ஊரே சேந்து இழுக்குறது, நடுவுல நின்டா ஊருக்கே கவல. கேம் நீங்க உங்க சந்தோசத்துக்கு வாங்குனது. விட்சர்ல 30, 40 மணி நேரம் நல்லா இருந்துச்சா, அந்த சந்தோசம் உங்களுக்கு கெடச்சாச்சு, எண்டிங் பாக்கலன்னு அத யாரும் திருப்பி வாங்கிட்டுப் போகப்போறதில்ல. ஸ்டீம்லயே பாருங்க, கேம்ல ஒரு கட்டத்த தாண்டினா குடுக்குற ஒவ்வொரு அச்சீவ்மென்ட்டும் எத்தன சதவீதம் பேர் எடுத்திருக்காகன்னு காட்டும், பெரிய கேம் நெறையத்துல கதைய முடிச்சவக பாதிக்கும் கம்மிதான். அவுக எல்லாரும் தப்பு பண்ணிட்டாகளா?

நானும் 2023ல லிஸ்ட் போட்டேன்ணே. எக்செல்ல பேரு, எத்தன மணி நேரம் ஆகும், முடிச்ச தேதி எல்லாம் போட்டு வச்சேன். ரெண்டாவது மாசமே கேம தொறக்கப் பிடிக்கல, ஏன்னா ஆபீஸ்லயும் டார்கெட்டு வீட்டுக்கு வந்தாலும் டார்கெட்டு. மெயின் மிஷன மட்டும் ஓடி ஓடி நாலு கேம் முடிச்சேன், அந்த நாலுல எதோட கதையும் இப்ப எனக்கு சொல்லத் தெரியாது. நீங்களும் அந்த நெலமைக்கு வந்துறக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

உசிலம்பட்டி_கண்ட்ரோலர்
அண்ணே சின்ன கேம்ல இருந்து ஆரம்பிங்க. போர்ட்டல் 2007ல வந்தது, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிரும். ஃபயர்வாட்ச்சும் அப்டித்தான், நாலு அஞ்சு மணி நேரம். ரெண்ட முடிச்சா ஒரு தெம்பு வரும்

வைகை_வடகரை
தம்பி, இதத்தான் வேணாங்குறேன். 61ஐ 59 ஆக்குறதுக்காக விளையாடுறதா? அண்ணனுக்கு மனசு கெடக்குறது ரெட் டெட்லயும் விட்சர்லயும். அத விட்டுட்டு போர்ட்டல முடிச்சா எண்ணிக்கை கொறையும், உறுத்தல் கொறையாது.

சிம்மக்கல்_சேவ்ஸ்லாட்
அது வாஸ்தவம்தான். எனக்கு எண்ணிக்கை முக்கியமில்ல, பத்துன்னு சொன்னது ஒரு பிடிமானத்துக்கு. ஆனா பிடிமானமே இல்லாம இருந்தா என்ன நடக்குதுன்னும் பாத்துட்டேன், ராத்திரி பத்தரைக்கு மேலதான் எனக்கு ஒரு மணி நேரம் கெடைக்குது, அதுல அரை மணி நேரம் லைப்ரரிய மேலயும் கீழயும் உருட்டிட்டு தூங்கப் போயிர்றேன். பெர்சோனா 5 ராயல் மாதிரி ஒண்ணு எடுத்தா நூறு மணி நேரம், அதாவது நூறு ராத்திரி, மூணு மாசத்துக்கு மேல. அப்ப எது வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணித்தான ஆகணும்?

தெப்பக்குளத்து_நைட்ஷிஃப்ட்
நான் ஒரு விசயம் சொல்றேன், ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. பாதில விட்டது எல்லாம் ஒரே ரகம் இல்ல தம்பி. பிடிக்காம விட்டது ஒண்ணு, நல்லா இருக்கும்போதே வேற வேலை வந்து விட்டுப்போனது ஒண்ணு. எங்க வீட்டுல கல்யாணம் வந்தப்ப நான் விட்டது ரெண்டாவது ரகம், அத அப்புறம் எடுத்து முடிச்சேன், அவ்வளவு நிம்மதி. மொத ரகத்த முடிக்கிறேன்னு உக்காந்தா வடகரைத் தம்பி சொன்ன மாதிரி கேமே வெறுத்துப் போகும், தயங்காம அழிச்சிருங்க.

அப்புறம் முடிவே இல்லாத கேமும் இருக்கு. நான் ஸ்டார்டியூ வேலிங்குற பண்ணை கேம்ல இருக்கேன், அதுல மூணாவது வருசம் மொத நாள் தாத்தா வந்து நம்ம பண்ணையப் பாத்து மார்க் போடுவாரு, அதோட கேம் நிக்காது, மறுநாளும் விடியும், செடிக்கு தண்ணி ஊத்தலாம். அத நான் லிஸ்ட்ல எங்க எழுதுறது?

புதுசு வாங்க மாட்டேன்னு சொன்னீங்களே, அதுல நான் உங்க பக்கம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, விளையாண்டது 2 மணி நேரத்துக்கு உள்ள இருந்தாத்தான் ரீஃபண்ட். சேல்ல பத்து கேம அள்ளிப் போட்டு ஆறு மாசம் கழிச்சு தொறந்தா, பிடிக்கலன்னாலும் காச திருப்பிக் கேக்க முடியாது. வருசத்துக்கு நாலு பெரிய சேல் வருது, விளையாடப்போற வாரம் பாத்து வாங்கினா போதும்.

வைகை_வடகரை
அக்கா ரீஃபண்ட் கணக்கு சரி. நான் வாங்கச் சொல்லவே இல்ல. ஆனா "வாங்கவே மாட்டேன்"னு சபதம் போடுறதுதான் எனக்குப் பயம். செப்டம்பர் 2025ல ஹாலோ நைட்டோட அடுத்த பாகம் சில்க்சாங் வந்தப்ப நாங்க ஆறேழு பேரு ஒண்ணா ஆரம்பிச்சோம், யாரு எந்த பெரிய எதிரிட்ட மாட்டிருக்கான்னு டெய்லி ராத்திரி பேச்சு, அந்த மூணு வாரம் எங்களுக்கு சித்திரைத் திருவிழா மாதிரி. பழச முடிக்கலன்னு அன்னைக்கு ஒதுங்கி இருந்தா அந்த நாளு திரும்ப வருமா?

சிம்மக்கல்_சேவ்ஸ்லாட்
இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல தம்பி. ஒதுங்கி இருந்தது நான்தான், அது எனக்கு வருத்தந்தான்.

சரி இன்னொண்ணு கேக்குறேன். நேத்து ரெட் டெட் சேவ லோட் பண்ணேன், மூணு வருசத்துக்கு அப்புறம். கை சுத்தமா மறந்துபோச்சு. ரோட்டுல வந்தவருக்கு வணக்கம் சொல்லலாம்னு அமுக்குனா துப்பாக்கி எடுத்து குறி வைக்குது, ஊரே தொரத்துது. கதைல நம்ம கூட்டம் தங்குற கேம்ப்ல யாரு யாருகூட சண்டைல இருக்கான்னு கூட ஞாபகம் இல்ல. மொதல்ல இருந்து ஆரம்பிக்கவா?

உசிலம்பட்டி_கண்ட்ரோலர்
மொதல்ல இருந்தே போங்கண்ணே

வைகை_வடகரை
வேணாம். மொத சாப்டர் பனிலயே மெதுவா போகும், திரும்ப விட்டுருவீக. எங்கிட்டு நின்டீகளோ அங்கிருந்தே போங்க, புரியாட்டியும் பரவால்ல.

தெப்பக்குளத்து_நைட்ஷிஃப்ட்
ரெண்டுமே வேணாம். கைல துப்பாக்கி இருந்தா அந்த பட்டன் குறி வைக்கும், உறைல போட்டுட்டு அமுக்குங்க, பேசுறதுக்கு வரும். கத மறந்துச்சுன்னா கேம்ல நம்ம ஆளு ஆர்தர் நோட்டு ஒண்ணு எழுதுவார்ல, அதத் தொறந்து மொதப் பக்கத்துல இருந்து படிங்க, நடந்தது எல்லாம் படம் போட்டு எழுதி வச்சிருப்பாரு. முடிச்ச மிஷன மெனுல போய் திரும்ப விளையாடவும் முடியும், ரெண்டு மிஷன் ஆடினா கை வந்துரும். அவசரப்படாம ரெண்டு நாள் சும்மா மீன் பிடிங்க.

சிம்மக்கல்_சேவ்ஸ்லாட்
மூணு வாரம் கழிச்சு வர்றேன். அக்கா சொன்னபடியே நோட்டப் படிச்சேன், ஒரு ராத்திரி பூரா அதுலயே போச்சு. என் கண்ணு முன்னாடி நடந்தத அவரு எழுதி வச்சிருக்கத படிக்கும்போது, விட்டுப் போன ஊருக்கு பஸ்ல திரும்பி வர்ற மாதிரி இருந்துச்சு, உண்மையாவே. அப்புறம் நாலு நாள் மீனு, ரெண்டு பழைய மிஷன். கை வந்துருச்சு.

61ல 39ஐ லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன், பிடிக்காம விட்டதுதான் எல்லாம். மிச்சம் 22. பத்துங்குற கணக்கையும் விட்டுட்டேன், வாங்குறதில்லங்குறத மட்டும் விடல.

வைகை_வடகரை
அந்த ஒண்ணுல மட்டும் நான் இன்னும் உங்களோட சேரலண்ணே. ஆனா நோட்டப் படிச்ச விசயம் கேக்க நல்லா இருக்கு.

தெப்பக்குளத்து_நைட்ஷிஃப்ட்
தம்பி, அஞ்சாவது சாப்டர் ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துக்கு பழைய எடத்துக்கு வர முடியாது. அதுக்கு முன்னாடி தனி ஸ்லாட்ல ஒரு சேவ் போட்டு வச்சுக்கங்க.

சிம்மக்கல்_சேவ்ஸ்லாட்
போட்டாச்சுக்கா. அது மேல யாரும் சேவ் போட மாட்டாக.