ஹாலோவீன் ரீத்: ஒட்டியதெல்லாம் கழன்று விழுகிறது, எந்தப் பசை வாங்கலாம்?

நியூஜெர்சி_மல்லி | அக்டோபர் 14, காலை 9.10

வணக்கம். வாசற்கதவில் மாட்ட ஹாலோவீன் ரீத் (அலங்கார வளையம்) ஒன்று செய்தேன், இரண்டு ராத்திரி உட்கார்ந்து. மாட்டிய மறுநாளே ஒட்டியதெல்லாம் விழ ஆரம்பித்துவிட்டது. திரும்ப ஒட்டினேன், திரும்ப விழுந்தது. நேற்றோடு மூன்று தடவை ஆயிற்று. இந்தச் சனிக்கிழமை மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வீட்டுக்கு வருகிறார்கள், அவள் எல்லாரிடமும் "எங்க அம்மாவே செஞ்சது" என்று சொல்லிவைத்திருக்கிறாள். எந்தப் பசை வாங்கினால் நிற்கும்? சாயங்காலம் கடைக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.

பாஸ்டன்_ரவை | காலை 9.26

எதன் மேல் எதை ஒட்டினீர்கள்? வளையம் ஃபோமா (தெர்மோகோல் மாதிரி), கம்பியா, கொடியா? இப்போது என்ன பசை? மரக்கதவா, இரும்பா? இதெல்லாம் தெரியாமல் பசை பெயர் சொல்ல முடியாதுங்க.

எனக்குக் குளிர் மேல்தான் சந்தேகம். உங்கள் பக்கமும் இப்போது ராத்திரியில் நன்றாகக் குளிர்கிறது அல்லவா? சூடான பசை குளிரில் விறைத்துப்போய், கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் பட்டென்று விட்டுவிடும். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ரீத் இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

டல்லாஸ்_நிலா | காலை 9.31

க்ளூ கன்னில், அதான் பசைக்குச்சியை உருக்கிச் சொட்டும் துப்பாக்கியில், ஒட்டினீர்களா? சின்ன கன் என்றால் அதுதான் காரணம், நான் பந்தயம் கட்டுவேன். சின்னது ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ்தான் சூடாகும், பெரியது 190 வரை போகும். சின்னதில் பசை சொட்டிய உடனே ஆறிவிடும், பொருளுக்குள் இறங்காது. பெரிய கன் வாங்குங்கள் சகோ, ஒரே தடவையில் வேலை முடியும்.

ஸ்காபரோ_அன்ரி | காலை 9.47

தங்கச்சி, வளையம் வெள்ளை ஃபோம் என்றால் பெரிய கன் கொண்டு கிட்டேயே போகாதீர்கள், அந்தச் சூட்டுக்கு ஃபோம் குழிந்துவிடும். இன்னொன்றும் கேட்கிறேன், கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தீர்களோ? சாதாரண ஸ்ப்ரே பெயின்டில் இருக்கும் கரைப்பான் அந்த ஃபோமைத் தின்னும். மேலே பார்க்க நல்லாய்த்தான் இருக்கும், உள்ளே பொருபொருத்துப் போயிருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. நான் முதல் வருடம் அப்படி ஒரு வளையத்தை நாசமாக்கினேன்.

மிச்சிகன்_தச்சன் | காலை 9.58

இந்தக் கேள்வி ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் விவரம் இல்லாமல்தான் வருகிறது. கேள்வியை ஒழுங்காக எழுதினால் பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும். பசை என்பது பொருளை நகராமல் வைப்பதற்கு. எடையைத் தாங்குவது கம்பி. கைவேலையில் இது முதல் பாடம், இது தெரியாமல் நான்காவது தடவை பசை வாங்கினால் ஐந்தாவது தடவையும் விழும். இந்த மன்றத்தின் பழைய விவாத இழைகளில் நான் இருபது தடவை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை.

டல்லாஸ்_நிலா | காலை 10.04

அண்ணா, விஷயத்தைச் சொன்னால் போதுமே. அவர் அவசரத்தில் கேட்கிறார்.

நியூஜெர்சி_மல்லி | மதியம் 12.20

மன்னிக்கவும், வேலைக்கு நடுவே எழுதியதால் விட்டுப்போயிற்று. வளையம் காய்ந்த திராட்சைக்கொடி, 18 அங்குலம். கறுப்பு பெயின்ட் அடித்து ஒரு நாள் காயவைத்தேன். பசை க்ளூ கன்தான், மகளுடைய கைவேலைப் பெட்டியில் இருந்த சின்னது. ஒட்டியவை: பிளாஸ்டிக் மண்டை ஓடு மூன்று, ஃபோம் பூசணி ஐந்து, ஒரு காக்கை, சிலந்திகள், ஆரஞ்சு ரிப்பன். காக்கை மட்டும் விழவே இல்லை. மற்றதெல்லாம் விழுந்துவிட்டது.

டல்லாஸ்_நிலா | மதியம் 12.24

சின்ன கன்! சொன்னேன் இல்லையா.

கோந்து | மதியம் 12.51

கொஞ்சம் பொறுங்கள். விழுந்த ஒரு பூசணியையும் ஒரு மண்டை ஓட்டையும் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பசை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது? அடியில் பசையே இல்லாமல் மழமழவென்று இருந்தாலோ, பசைக்கட்டி கண்ணாடி போல வழவழப்பாக முழுசாகப் பெயர்ந்து வந்திருந்தாலோ அது பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். பசையில் கறுப்புப் பெயின்ட் செதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை பிடித்தது, பெயின்ட்தான் கொடியை விட்டுவிட்டது. பசை நூலாக இழுபட்டு, நுனியில் வால் மாதிரி தொங்கினால் அது ஒட்டியபின் சூட்டில் இளகி மெதுவாக வழிந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொன்று, விழுவது எந்த நேரத்தில்?

வாசல்கோலம் | மதியம் 1.15

கேட்டதற்குப் பதில் இல்லை இது, ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். 20ஆம் தேதி தீபாவளி. மாவிலைத் தோரணம் கட்டவேண்டிய வாசல்நிலையில், ஆறு நாள் முன்னால் மண்டை ஓடு வைத்த வளையமா? நம்மூரில் மலர்வளையம் என்றால் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது. என் மாமியார் இங்கே வந்த முதல் வருடம் எதிர்வீட்டுக் கதவில் ரீத்தைப் பார்த்துவிட்டு, யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டு என்னைத் துக்கம் விசாரித்துவிட்டு வரச் சொன்னார். பிள்ளைகளுக்காகச் செய்வது புரிகிறது. உள்ளே சுவரில் மாட்டலாமே.

டல்லாஸ்_நிலா | மதியம் 1.22

அக்கா, நம்மூரில் வீடு கட்டும்போது முன்னால் மீசையும் கோரைப்பல்லுமாகத் திருஷ்டி பொம்மை தொங்குவதில்லையா? பூசணிக்காயில் முகம் வரைந்து வாசலில் கட்டுவதில்லையா? பயமுறுத்தும் முகத்தை வாசலில் வைப்பது நமக்குப் புதுசே இல்லை.

வாசல்கோலம் | மதியம் 1.30

அது கெட்டதை விரட்டக் கட்டுவது. இது வேடிக்கைக்கு வைப்பது. இரண்டும் ஒன்றா?

பாஸ்டன்_ரவை | மதியம் 1.41

இதுவும் விரட்டத்தான் வைத்தார்கள் அக்கா. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பது பழைய வழக்கம், அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் சௌவின் இரவில் கெட்ட ஆவிகள் அண்டக்கூடாது என்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்கா வந்தவர்கள், குடைய எளிதாகப் பெரிய பூசணி கிடைத்ததால் அதற்கு மாறினார்கள். போன வருடம் 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. எங்கள் வீட்டில் ஒரு பக்கம் அகல், ஒரு பக்கம் பூசணி விளக்கு, மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு மைசூர்பாகும் கொடுத்தோம். எந்தக் குறையும் வரவில்லை.

வாசல்கோலம் | மதியம் 1.52

விளக்கு வேறு, மண்டை ஓடு வேறு. அகலுக்குப் பக்கத்தில் பூசணி விளக்கை நானும் வைப்பேன்.

மிச்சிகன்_தச்சன் | மதியம் 2.05

இழை எதைப் பற்றியது என்று தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். வழக்கம் பற்றிப் பேச வேறு இழை திறக்கலாம். கோந்து கேட்டது சரியான கேள்வி, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நியூஜெர்சி_மல்லி | மாலை 4.25

இப்போதுதான் பார்த்தேன். பூசணிகளின் அடியில் பசை நூல் நூலாக இழுத்திருக்கிறது, ஒன்றில் ஓர் அங்குல நீளத்துக்கு வால். மண்டை ஓட்டில் பசையே இல்லை, மழமழவென்று இருக்கிறது, பசை முழுக்கக் கொடியிலேயே நின்றுவிட்டது. நேரம் என்று கேட்டால், காலையில் எல்லாம் அப்படியே இருக்கும். நான்கு மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும்போது கதவைத் திறந்தால் இரண்டு கதவுக்கும் நடுவே குவிந்து கிடக்கும். இன்றைக்கும் இரண்டு சிலந்தி கிடந்தன.

கோந்து | மாலை 4.29

இரண்டு கதவா??

ஸ்காபரோ_அன்ரி | மாலை 4.31

ஸ்டார்ம் டோர் இருக்கிறதா தங்கச்சி? மெயின் கதவுக்கு வெளியே இன்னொரு கண்ணாடிக் கதவு? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வாசல் எந்தப் பக்கம் பார்த்தது? உள்கதவு என்ன நிறம்?

நியூஜெர்சி_மல்லி | மாலை 4.40

ஆமாம், முன்னால் முழுக் கண்ணாடிக் கதவு உண்டு. ரீத் அதற்கு உள்ளே, மெயின் கதவில் மாட்டியிருக்கிறேன். மேற்குப் பார்த்த வாசல். கதவு இரும்பு, கறுப்பு நிறம். ஆனால் வெளியே 62 டிகிரி ஃபாரன்ஹீட்தான், குளிராக இருக்கிறதே. இதில் பசை எப்படி இளகும்?

கோந்து | மாலை 4.58

வெளிக்காற்று எத்தனை டிகிரி என்பது இங்கே கணக்கே இல்லை. அக்டோபரில் சூரியன் தாழ்வாகப் போகிறது. மதியத்துக்கு மேல் வெயில் உங்கள் கதவில் நேருக்கு நேராக விழும், கோடையைப் போலத் தலைக்கு மேலே நிற்காது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், கறுப்பு இரும்பு அதைக் குடிக்கும், சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் அந்த நான்கைந்து அங்குல இடைவெளியிலேயே நிற்கும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் மாதிரிதான். க்ளூ கன் குச்சி உருகி ஓட 120 டிகிரி வேண்டும், ஆனால் பிடியை விட அவ்வளவு தேவையில்லை. சாதாரணக் குச்சி 60, 70 டிகிரி செல்சியஸிலேயே இளகிக்கொடுக்கும். பூசணி தன் எடையில் மெதுவாக நழுவி வந்திருக்கிறது, அந்த வால் அதற்குச் சாட்சி.

மண்டை ஓடு கதை வேறு. பல மலிவு பொம்மைகளின் பிளாஸ்டிக் மேல் இந்தப் பசை எந்தச் சூட்டிலும் சரியாகப் பிடிக்காது. அது முதல் நாளே சும்மா உட்கார்ந்துதான் இருந்திருக்கும்.

ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் நாளை மதியம் அந்த இடைவெளியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

பாஸ்டன்_ரவை | மாலை 5.10

எனக்கு இன்னும் குளிர் மேல் சந்தேகம் போகவில்லை. ராத்திரி விறைத்து விரிசல் விட்டு, பகலில் விழலாம் அல்லவா?

கோந்து | மாலை 5.16

விறைத்து விட்டிருந்தால் பட்டென்று உடைந்த மாதிரி இருக்கும். வால் வராது.

மிச்சிகன்_தச்சன் | மாலை 5.40

ஆக, காக்கை ஏன் விழவில்லை என்று யாருமே கேட்கவில்லை. கைவேலைக் கடைக் காக்கைகளின் காலில் பெரும்பாலும் கம்பி இருக்கும். அதைக் கொடியில் சுற்றியிருப்பார். ஒரே சூடு, ஒரே கதவு, கம்பி கட்டியது நிற்கிறது, பசை ஒட்டியது விழுகிறது. காலையில் நான் எழுதியது இதைத்தான்.

எப்படிக் கட்டுவது என்றும் எழுதிவிடுகிறேன், மறுபடி கேட்கவேண்டாம். ஃப்ளோரல் வயர் (பூ அலங்காரம் கட்டும் கம்பி) 22 கேஜ் வாங்குங்கள், 26 மெல்லியது, ரிப்பனுக்குத்தான் சரி. ஃபோம் பூசணிக்கு: கம்பி நுனியில் பட்டாணி அளவு வளையம் முறுக்கி, கனமான ஊசியால் பூசணியின் நடுவே துளை போட்டு, முன்பக்கத்திலிருந்து கம்பியைச் செருகிப் பின்னால் இழுங்கள். அந்த வளையம் காம்புக்கு அடியில் மறைந்துவிடும். பின்னால் வந்த கம்பியை இரண்டு கொடியைச் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள், ஒற்றைக் கொடியில் கட்டினால் பூசணி தலைகுப்புறத் திரும்பும். மண்டை ஓடு உள்ளே கூடாக இருந்தால் ஒரு கண்ணில் விட்டு மறு கண்ணில் எடுத்துப் பின்னால் முறுக்கினால் போதும், கண்குழியின் இருட்டில் கம்பி தெரியாது. கண் குழி மூடியிருந்தால் சின்ன டிரில் பிட்டால் பின்விளிம்பில் இரண்டு துளை. முறுக்கிய நுனிகளைக் கொடிக்குள் மடக்கிவிடுங்கள், கதவுப் பெயின்டைக் கீறும்.

ஸ்காபரோ_அன்ரி | மாலை 6.02

தம்பி சொன்ன முறை நல்ல முறை. அதோடு கண்ணாடியைக் கழற்றி வலை போட முடியுமோ என்றும் பாருங்கள் தங்கச்சி. பல ஸ்டார்ம் டோர்களுக்கு வலைச் சட்டம் கூடவே வரும், வீடு வாங்கும்போது பழைய ஆட்கள் பேஸ்மென்டில் விட்டிருப்பார்கள். வலை இருந்தால் சூடு தங்காது. எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது, நான் நவம்பர் வரைக்கும் வலைதான். மண்டை ஓடு கண்ணாடியில் உரசுகிறதோ என்றும் பாருங்கள், கதவு சாத்தும்போது ஒவ்வொரு தடவையும் இடித்தால் கம்பி கட்டியதும் தளரும்.

பஞ்சுச் சிலந்திவலை மட்டும் வெளியே இழுத்துக் கட்டாதீர்கள். போன வருடம் பக்கத்து வீட்டுச் செடியில் கட்டியதில் ஒரு சின்னக் குருவி கால் சிக்கிக் கிடந்தது, கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டித்தான் எடுத்தோம். கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு அடித்த அடி இன்னும் மறக்கவில்லை.

டல்லாஸ்_நிலா | மாலை 6.15

கம்பி கட்ட நேரம் இல்லை என்றால் ஈ6000 பசை? பிளாஸ்டிக்கில் க்ளூ கன்னைவிட நன்றாகப் பிடிக்கும், வெயிலுக்கும் இளகாது.

மிச்சிகன்_தச்சன் | மாலை 6.21

முழுசாக இறுக 24 மணி முதல் 72 மணி நேரம். வாடை கடுமை, ஜன்னல் திறந்து வைத்துத்தான் வேலை செய்யவேண்டும், பிள்ளை இருக்கும் வீடு. ஃபோம் மேல் போடாதீர்கள், அதையும் அரிக்கும். கம்பிக்கு அரை மணி நேரம் போதும்.

வாசல்கோலம் | இரவு 8.40

மல்லி, மதியம் நான் எழுதியது மனசைக் கஷ்டப்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். பிள்ளை ஆசையாகச் சொல்லிவைத்திருக்கிறாள், அது பெரிசு. ஒரு யோசனை மட்டும். கொடி வளையம் அப்படியே இருக்கட்டும், மண்டை ஓட்டைக் கம்பியில் கட்டினால் அவிழ்க்கவும் முடியும் அல்லவா? சனிக்கிழமை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமந்தி கட்டுங்கள், ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூசணியோடு சேர்ந்துதான் போகும். தீபாவளி முடிந்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

டல்லாஸ்_நிலா | இரவு 8.47

அக்கா, இது ரொம்ப அருமை. நானும் செய்யப்போகிறேன்.

நியூஜெர்சி_மல்லி | அக்டோபர் 15, மாலை 4.10

ஓவன் தெர்மாமீட்டர் தொங்கவிட்டேன். 3.40க்கு 140 ஃபாரன்ஹீட்! பேஸ்மென்டில் வலையும் கிடைத்தது. கம்பி வாங்கியாயிற்று, ராத்திரி உட்காருகிறேன்.

கோந்து | மாலை 4.33

140 என்றால் சரியாக 60 செல்சியஸ். அவ்வளவுதான், பசையைக் குறை சொல்வதற்கில்லை. வலை போட்டபின் ஒரு தடவை அளந்து சொல்லுங்கள்.

நியூஜெர்சி_மல்லி | அக்டோபர் 18, இரவு 10.05

நின்றது. பிள்ளைகள் எல்லாரும் தொட்டு இழுத்துப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை. எல்லாருக்கும் நன்றி. நாளைக்குச் சாமந்தி.

பாஸ்டன்_ரவை | அக்டோபர் 19, காலை 8.12

சந்தோஷம். வலை போட்டபின் எத்தனை டிகிரி என்று சொல்லவில்லையே?

கொலம்பஸ்_புதுசு | அக்டோபர் 22, காலை 11.30

இதே இழையில் கேட்கலாமா? எனக்கு ரீத் நன்றாக இருக்கிறது, மாட்டும் காந்தக் கொக்கிதான் நிற்கவில்லை, கை எடுத்ததும் விழுகிறது. காந்தம் வலு போதவில்லையா?

மிச்சிகன்_தச்சன் | காலை 11.52

கதவு எதனால் செய்தது என்று எழுதவில்லை. ஃபைபர்கிளாஸ் என்றால் எவ்வளவு பெரிய காந்தமும் பிடிக்காது. கதவின் மேல் விளிம்பில் மாட்டும் தகட்டுக் கொக்கி வாங்குங்கள், கதவு சாத்த இடைவெளி இருக்கிறதா என்று முதலில் ஓர் அட்டையைச் செருகிப் பாருங்கள்.